ஆர்கன் வாசிப்பும் டாட்டிங் லேஸும்: இரண்டையும் ஒரே கையால் எப்படிச் சமாளிப்பது?

நாசரேத் ரயில் பயணி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் குடியிருந்துகொண்டு, பாளையங்கோட்டையில் அலுவலக வேலைக்கு நாள்தோறும் திருச்செந்தூர் ரயிலில் போய்வருபவள் நான். என் அம்மாச்சி கற்றுக்கொடுத்த டாட்டிங், பன்னிரண்டு வயதிலிருந்து என் கையோடு இருக்கிறது. அவர் வைத்திருந்த ஷட்டில் இன்றும் என் கைப்பையில்தான் கிடக்கிறது. கட்டைவிரல் நீளம் உள்ள சிறிய படகு போன்ற அதன் ஓரங்கள் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன. டாட்டிங் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இதில் தலையணையும் ஊசிகளும் வேண்டாம். ஷட்டிலில் சுற்றிய நூலும் இரண்டு கைகளும் போதும். இரட்டை முடிச்சுகளை வரிசையாகப் போட்டு, நூலை இழுத்து வளையமாக மூடி, வளையத்துக்கு வளையம் பிக்கோவில் கோத்துக்கொண்டே போக வேண்டும். (சேலை ஓரத்துக்குத் தையற்கடையில் அடிக்கிறார்களே, அந்தப் பீக்கோ வேறு. இங்கே பிக்கோ என்பது இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே விடும் சிறு நூற்காது.)

எங்கள் ஊர்க் கோயிலில் (சர்ச்சில்) நெடுங்காலம் ஆர்கன் வாசித்து வந்த பெரியவருக்குப் பார்வை மங்கியதால், சிறுவயதில் பியானோ படித்தவள் என்ற ஒரே தகுதியைக் கொண்டு, சென்ற ஆண்டு அந்த இருக்கை எனக்குக் கொடுக்கப்பட்டது. மறுக்க முடியாமல் ஏற்றுக்கொண்ட வேலைதான் அது. ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைக்காக வெள்ளியிலிருந்தே மனம் காத்திருக்கும் அளவுக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. எங்களுடையது காலால் மிதித்துக் காற்றூட்டும் பழைய ரீட் ஆர்கன்; ஐந்து ஸ்தாயி, அறுபத்தொரு கட்டைகள், முழங்காலால் தள்ளி ஒலியைக் கூட்டும் இரண்டு பலகைகள். பியானோவில் காலை அழுத்தினால் விரலை எடுத்த பிறகும் ஒலி நிற்கும். இதில் கால் மிதித்தால் காற்றுதான் வரும், விரல் எடுத்த கணமே சுரம் செத்துவிடும். அதனால் பாமாலையின் (நான்கு குரல்களுக்கு எழுதிய மேல்நாட்டு மெட்டுத் துதிப்பாட்டின்) ஒரு சுரக்கூட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடமெல்லாம் எனக்கு விக்கல் விழுகிறது. நம் நாட்டு மெட்டில் அமைந்த கீர்த்தனைகளில் அவ்வளவு சிரமம் இல்லை.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். வரும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு (கோயிலை அர்ப்பணித்த நாளின் விழாவுக்கு)ப் பீடத் துணிக்கு டாட்டிங் ஓரம் செய்து தருவதாக, யாரும் கேட்காமலேயே நான் வாய்விட்டுவிட்டேன். மூன்று பக்கங்களும் சேர்ந்து மூன்று மீட்டர் ஓரம். நாற்பதாம் எண் நூலில் ஒரு வளையமும் ஒரு சங்கிலியும் (வளையமாக மூடாமல் விடும் முடிச்சு வரிசை) சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டர் வருகிறது. ஆக 200 தடவை. ஒன்றுக்கு ஏழு நிமிடம் என்று வைத்தால் 23 மணி நேரத்துக்குச் சற்று மேல். பண்டிகைக்கு இரண்டு மாதங்கள் இருக்கின்றன. அதே பண்டிகைக்கு ஆறு பாட்டுகள் புதிதாகப் பழக வேண்டியும் இருக்கிறது. பாடகர் குழுவில் ஒருவர், லேஸ் பின்னுகிற நேரத்தில் ஆர்கனைப் பழகியிருந்தால் போன வாரம் அந்தப் பிசகு வந்திருக்காது என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னது, உண்மையைச் சொன்னால், உறைத்துவிட்டது.

இரண்டிலும் கை வைத்திருப்பவர்கள் அல்லது இப்படி இரண்டு ஆசைகளோடு அல்லாடியவர்கள் நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? ஒன்றை விட்டுவிடு என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அதைச் சொல்ல வீட்டிலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

பழைய மிதி ஆர்கன் எழுதுகிறார்:

மகளுக்கு வாழ்த்துகள். நாற்பது ஆண்டுகள் மூன்று சேகரங்களில் (சபை வட்டாரங்களில்) வாசித்துவிட்டு இப்போது பின்பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கிழவன் நான். என் மனைவியும் டாட்டிங் போடுகிறவர் என்பதால் இந்த வழக்கில் இரண்டு கட்சியும் எனக்குத் தெரியும்.

நீங்கள் நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கணக்கையே திரும்பப் பாருங்கள். போகவர ரயிலில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஷட்டிலைப் பிடித்தால் ஒரு மாதத்துக்குள் அந்த 23 மணி நேரம் முடிந்துவிடுகிறது. கோயில் ஆர்கனை எப்படியும் ரயிலில் ஏற்ற முடியாது. ஆக, இரண்டும் ஒரே நேரத்துக்காகச் சண்டை போடவில்லை. இடது கைக்காகத்தான் சண்டை போடுகின்றன. டாட்டிங்கில் ஓடுகிறது வலது கையின் ஷட்டில்தான் என்றாலும், நூலை விரல்களில் சுற்றி விறைப்பாகப் பிடிப்பதும், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முடிச்சை நெரித்துக்கொண்டே நடுவிரலைத் தூக்கித் தாழ்த்துவதும் இடது கையின் வேலை. மிதி ஆர்கனிலோ, பெரிய ஆர்கன்களில் இருப்பதுபோல் கால்களுக்குத் தனிக் கட்டை வரிசை கிடையாது. காலுக்கு வைத்திருக்க வேண்டிய பேஸையும் (அடிக்குரல்), அதற்கு மேலே டெனரையும் (அடுத்த ஆண்குரல்) சேர்த்து அந்த ஒரே இடது கைதான் தூக்க வேண்டும். சில இடங்களில் இரண்டுக்கும் இடையே பத்துக் கட்டை அகலம் வந்துவிடும். ஒரு மணி நேரம் நெரித்துப் பிடித்த கை அந்த அகலத்துக்கு விரியாது. போன வாரத்துப் பிசகு அப்படி ஓர் இடத்தில்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

அதற்கு இரண்டு காரியங்கள் செய்யலாம். அகலமான இடங்களில் டெனரை வலது கையின் கட்டைவிரலுக்கு மாற்றிவிடுங்கள். பாமாலைப் புத்தகத்தில் பென்சிலால் ஒரு சிறு வளைகோடு போட்டு வைத்தால் ஞாயிற்றுக்கிழமை பதற்றத்தில் மறக்காது. இரண்டாவது, விக்கலுக்கு மருந்து விரல் மாற்றம்தான். கட்டையை அழுத்திய விரலை எடுக்காமல், அதே கட்டையின்மேல் இன்னொரு விரலை வைத்துவிட்டு முதல் விரலை ஓசைப்படாமல் விடுவிப்பது. கேட்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும், உங்களுக்கோ அடுத்த சுரத்துக்கு ஒரு விரல் சும்மா கிடைத்திருக்கும். இதைப் பழக, 1551ஆம் ஆண்டு ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் (பைபிள் சங்கீதங்களைப் பாட்டாக்கிய நூலில்) வந்த, நம் கோயில்களில் எல்லாருக்கும் தெரிந்த 'ஓல்டு ஹண்ட்ரட்' ராகத்தைவிட (கோயில் வழக்கில் ராகம் என்றால் மெட்டு) நல்ல பாடம் கிடையாது. வரிக்கு எட்டு அசை, நான்கு வரி, நிதானமான நடை. மாற்றிக்கொள்ள விரலுக்கு அவகாசம் இருக்கிறது.

இன்னொன்று. ஆறு பாட்டுகள் புதிது என்கிறீர்கள். ராகங்களின் பெயருக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அசைக்கணக்கைப் பார்த்தீர்களா? 8.7.8.7 என்று (வரிக்கு வரி எட்டு அசை, ஏழு அசை என மாறி மாறி) இருக்கும் பாட்டை அதே கணக்கில் உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த வேறொரு ராகத்தில் பாடலாம். குருவானவரிடமும் பாடகர் குழுவிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். ஆறு மூன்றாகக் குறையும். நான் முதல் பத்து ஆண்டுகளை ஒரு டஜன் ராகங்களைக் கொண்டே ஓட்டினேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பிரசங்க நேரத்தில் ஆர்கன் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து ஷட்டிலை எடுக்கலாம் என்ற சபலம் வரும். என் மனைவி ஒருமுறை பெண்கள் பக்கத்தில் அதைச் செய்தார். ஷட்டிலின் இரண்டு முனைகளும் ஒட்டி நிற்பதால், நூல் அவிழும்போதெல்லாம் 'டிக், டிக்' என்று சத்தம் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உபதேசியார் கடிகாரத்தை இரண்டு தடவை அண்ணாந்து பார்த்தார்.

இடையன்குடி மருமகள் எழுதுகிறார்:

ஐயா அவர்கள் கைக்கணக்கைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் லேஸ் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

எங்கள் ஊரில் லேஸ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தலையணை லேஸ்தான். நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்து வளர்த்த அந்த வேலை, அவருடைய மகள் எலைசா 1844ஆம் ஆண்டு கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது கூடவே வந்தது. என் மாமியாரின் தலைமுறை வரைக்கும் தெருத் திண்ணையில் உருளைத் தலையணையை மடியில் வைத்து, குண்டூசி குத்தி, பாபின்களை (நூல் சுற்றிய சிறு குச்சிகளை) மாற்றி மாற்றிப் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்லுவார்கள். அதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலையணை லேஸ் உங்கள் ஆர்கனைப் போன்றது: அது இருக்கும் இடத்துக்கு நாம் போய், உட்கார்ந்து, எழுந்திருக்கும் வரை அதற்கென்றே இருக்க வேண்டும். டாட்டிங் அப்படியில்லை. ஒரு வளையத்தை மூடிவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திப் பைக்குள் போடலாம். மூன்று நாள் கழித்து எடுத்தாலும் அது அப்படியே காத்திருக்கும். தலையணை லேஸ் விரும்பியாக நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

பீடத் துணி பற்றி: நாற்பதாம் எண் நூல் உங்கள் கைக்கு அழகு, ஆனால் பீடத்தை யாரும் பத்தடிக்குள் நின்று பார்ப்பதில்லை. அதைவிடத் தடித்த இருபதாம் எண் நூலில் அதே வடிவம் இரண்டு சென்டிமீட்டர் வரும். மேலும், பக்கவாட்டு ஓரங்கள் சபையாரின் கண்ணில் படுவதேயில்லை. முன்பக்கத்து ஓரத்துக்கு மட்டும் லேஸ் வைத்து, மற்ற இரண்டுக்கும் வெறும் மடிப்புத் தையல் போடுங்கள். முன்பக்கம் 1.8 மீட்டர் இருந்தால் 90 தடவை, பத்தரை மணி நேரம். யாரும் கேட்காத வாக்கைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

குழுவில் உங்களைச் சொன்னவரைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, வியப்பு இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் டாட்டிங்குக்கு வைத்த பெயர் ஃபிரிவோலிதே, அதாவது வெட்டிவேலை. இத்தாலியர்கள் அரட்டையோடு சேர்த்துப் பெயர் வைத்தார்கள். ஜெர்மானியர்கள் மட்டும்தான் 'சிறு படகு வேலை' என்று ஷட்டிலைப் பார்த்து நியாயமாக ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்த 'வெட்டிவேலை' தாங்கிய துணியின் முன்னால்தான் அவரும் பண்டிகையன்று முழங்கால்படியிடப் போகிறார்.

ஒரு சின்னக் கேள்வி: பிக்கோவில் நூலைக் கோத்து இழுக்கக் கொக்கி வைத்த ஷட்டில் வைத்திருக்கிறீர்களா, நகத்தாலா?

தேரிக்காட்டுப் பிள்ளை எழுதுகிறார்:

அக்கா, நான் கீபோர்டு வாசிப்பவன், லேஸ் எனக்குத் தெரியாது. ஆனால் கை போனால் என்ன ஆகும் என்று தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக வலி வந்தபோது, பண்டிகைக் காலம் என்பதால் தைலம் தேய்த்துக்கொண்டே வாசித்தேன். பிறகு டிசம்பர் முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சுரீர் என்று இழுத்தால், எண்ணெய் தேய்த்துச் சமாளிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்; அங்கே கட்டைவிரலின் தசைநார் உறை வீங்கியிருக்கக்கூடும்.

ரயிலில் டாட்டிங்கைக் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்தால் ராகமும் மனப்பாடம் ஆகிவிடும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்குத் தோன்றுகிறது. சரிதானா?

இடையன்குடி மருமகள் எழுதுகிறார்:

தம்பி, செய்து பார்த்துத் தோற்றவள் சொல்கிறேன்: ஐந்து முடிச்சு, பிக்கோ, ஐந்து முடிச்சு, பிக்கோ என்று எண்ணிக்கொண்டிருக்கும் மனத்துக்குள் எட்டு அசை, ஏழு அசை என்று ஒரு ராகம் நுழைந்தால், வளையத்தில் ஆறு முடிச்சு விழும். டாட்டிங்கில் மூடிய வளையத்தைப் பிரிப்பது எவ்வளவு பாடு என்று அக்காவிடம் கேளுங்கள். மாங்காய் இரண்டும் கிணற்றில்தான் விழும்.

பழைய மிதி ஆர்கன் எழுதுகிறார்:

அதையும் ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. சங்கிலி போடும்போது மட்டும் கேட்கலாம் என்பது என் மனைவியின் கட்சி. ஏனென்றால் அதை இழுத்து மூட வேண்டியதில்லை, ஒரு முடிச்சுக் கூடினாலும் குறைந்தாலும் கண் மன்னித்துவிடும். மற்றபடி சனிக்கிழமை மாலை ஒத்திகைக்குப் பிறகு ஷட்டிலைத் தொட வேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் தொடலாம். எந்த நாளிலும் முதலில் ஆர்கன், பிறகு லேஸ். தலைகீழாகச் செய்தால் கை இறுகியே ஆர்கனுக்குப் போகும்.

ரயிலில் முதல் பத்து நிமிடத்தை எனக்குக் கொடுங்கள். கைப்பையை மடியில் கட்டைவரிசைபோல் வைத்து, சத்தமில்லாமல் விரல் மாற்றம் பழகுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஏதாவது நினைத்துக்கொள்வார், நினைக்கட்டும்.

நாசரேத் ரயில் பயணி எழுதுகிறார்:

எல்லாருக்கும் என் நன்றி. இரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

இடையன்குடி அக்கா கேட்டது சரியான இடத்தில் குத்தியது. அம்மாச்சியின் ஷட்டிலில் கொக்கி கிடையாது. பிக்கோவில் நூலை இழுக்க வலது ஆள்காட்டி விரல் நகத்தை வளர்த்து வைத்திருந்தேன். அந்த நகம் ஆர்கன் கட்டையில் வழுக்கி, பக்கத்துக் கட்டையையும் தட்டிவிடும் என்பது ஓராண்டாகத் தெரிந்தும் வெட்ட மனம் வரவில்லை. இப்போது வெட்டிவிட்டேன். மெல்லிய கிரோஷே ஊசி ஒன்றை ரிப்பனில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் மூன்று நாள் தடுமாற்றமாக இருந்தது, இப்போது இல்லை.

தம்பி சொன்ன சோதனையில் வலி இல்லை, இறுக்கம் மட்டும் இருக்கிறது. நூலைச் சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றும் பழக்கத்தை ஒரு சுற்றாகக் குறைத்ததும், அதிலும் பாதி போய்விட்டது. பீடத் துணி முன்பக்கம் மட்டும், இருபதாம் எண் நூலில் என்று முடிவாகிவிட்டது. தையற்காரர் மற்ற இரண்டு ஓரங்களையும் மடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். அசைக்கணக்கை வைத்து இரண்டு பாட்டுகளுக்குத்தான் தெரிந்த ராகம் பொருந்தியது. மூன்றாவதற்கு வேறு ராகமா என்று பாடகர் குழு முகம் சுளித்ததால், அதை அதன் சொந்த ராகத்திலேயே பழகிக்கொண்டிருக்கிறேன்.

ரயிலில் நாசரேத்திலிருந்து ஆழ்வார்திருநகரி வரை ஐயாவுக்கு, அதாவது கைப்பையின்மேல் விரல் மாற்றம். எதிரே உட்காரும் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அதில் ஒருத்தி, இது தட்டச்சா அக்கா என்று கேட்டாள். ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆற்றுப் பக்கத்துக் காற்று வரத் தொடங்கினால் கையில் வியர்வை அடங்கும், அங்கிருந்து பாளையங்கோட்டை வரை ஷட்டில். வியர்வைக் கையால் பிடித்த வெள்ளை நூல் பழுப்பேறுவது பீடத் துணிக்கு ஆகாது என்பதால் இந்த ஏற்பாடு.

இன்று காலை செய்துங்கநல்லூர் வருவதற்குள் நான்கு வளையங்கள் முடிந்தன. ஐந்தாவதில் ஒரு முடிச்சு சரியாகப் புரளாமல் ஷட்டில் நூலிலேயே விழுந்துவிட்டது. இழுத்தால் வளையம் மூடவில்லை. ஊசியால் நெம்பிப் பார்த்துவிட்டு, பாளையங்கோட்டை வந்ததால் அப்படியே பையில் போட்டு இறங்கிவிட்டேன். மாலை ரயிலில் வெட்டி ஒட்ட வேண்டும்.